ஜப்பானில் சமைக்காத மீனைச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். நிறுவனம் என்னை ஓராண்டுக்கு நகோயாவுக்கு அனுப்புகிறது. இடையில் சியோலுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வர வேண்டியிருக்கும். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவியும் உடன் வருகிறார். எனக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. போன ஆண்டு எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பும் கொஞ்சம் தழும்பும் இருப்பதாகச் சொன்னார்கள். கடற்கரை ஊரில் பிறந்தவன் என்பதால் மீன் என்றால் எனக்குத் தயக்கம் கிடையாது. ஆனால் சமைக்காத மீன், சிப்பி, விஷமீன், உயிரோடு நெளியும் பேய்க்கணவாய் என்று ஏற்கெனவே போய்வந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். மீன் புதியதாக இருந்தால் ஒன்றும் ஆகாது, வசாபி என்ற காரமான விழுதும் சாக்கே மதுவும் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது உண்மை? விருந்தில் வேண்டாம் என்று மறுத்தால் தவறாக நினைப்பார்களா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

கல்லீரலில் தழும்பு இருப்பதைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் என் பதிலின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமைக்காத சிப்பி, மட்டி வகை எதையும், எவ்வளவு பெயர்பெற்ற உணவகமாக இருந்தாலும், யார் வற்புறுத்தினாலும், ஒரே ஒரு முறைகூட நீங்கள் வாயில் வைக்கக் கூடாது. மற்றவற்றைப் பற்றி நிதானமாகப் பேசலாம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

காரணம், விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா. இது சாக்கடை கலந்த நீரில் மட்டும் இருப்பதில்லை. வெதுவெதுப்பான கடலோர நீரிலும் கழிமுகங்களிலும் இயல்பாகவே வாழ்கிறது. சிப்பி தன் உணவுக்காக ஓயாமல் கடல்நீரை வடிகட்டிக்கொண்டே இருப்பதால், அந்த நீரில் உள்ளதெல்லாம் அதன் சதையில் சேர்ந்துவிடுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்கு இது வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கோ அந்தக் கிருமி குடலைக் கடந்து ரத்தத்தில் கலந்து, ஓரிரு நாட்களுக்குள் குளிர்காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் கால்களில் கருநீலக் கொப்புளங்களுமாக உருவெடுக்கிறது. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. ரத்தத்தில் பரவிவிட்டால், தீவிர சிகிச்சை கிடைத்தும் ஏறத்தாழ பாதிப் பேரைக் காப்பாற்ற முடிவதில்லை. ஜப்பானில் கியூஷு தீவின் அரியாக்கே கடற்பகுதியிலும், கொரியாவின் மேற்கு, தெற்குக் கடற்கரைகளிலும் கோடையில் இந்நோய் தென்படுகிறது. காலில் புண் இருக்கும்போது அந்தப் பருவத்தில் கடலில் இறங்குவதையும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் புண் வழியாகவும் இது உள்ளே நுழையும்.

இனி உங்கள் நண்பர்கள் சொல்லும் 'புதிய மீன்' என்ற வாதத்துக்கு வருகிறேன். செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்து, கண்ணின் பளபளப்பைப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து மீன் வாங்குகிற அறிவு நம் கடற்கரை வீடுகளில் பிறந்த எவருக்கும் உண்டு. குழம்பில் போடும் மீனுக்கு அந்த அறிவு தாராளமாகப் போதும், மிச்சத்தைக் கொதி பார்த்துக்கொள்ளும். சமைக்காமல் உண்ணும் மீனுக்கு அது போதாது. அந்த மீன் எந்த நீரில் வளர்ந்தது, பிடித்த பிறகு அதை என்ன செய்தார்கள், அதை உண்ணப்போகிறவரின் உடல்நிலை என்ன என்பவைதான் அங்கே பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன. புதுமை என்பது கெட்டுப்போகவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. உள்ளே புழு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. உண்மையில், மீன் எவ்வளவு புதியதோ அதிலுள்ள புழுவும் அவ்வளவு உயிர்ப்போடு இருக்கும்.

அந்தப் புழுவின் பெயர் அனிசாக்கிஸ். கானாங்கெளுத்தி இனத்தைச் சேர்ந்த, ஜப்பானியர் சபா என்று அழைக்கும் மீனின் வயிற்றைக் கிழித்தால், குடலின் மேலும் ஈரலின் மேலும் கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்ட வெள்ளை வளையங்கள் ஒட்டியிருப்பதைச் சில சமயம் வெறும் கண்ணாலேயே காணலாம். நீட்டினால் 2 முதல் 3 சென்டிமீட்டர் இருக்கும். திமிங்கிலம், டால்பின் போன்றவற்றின் வயிற்றில் முதிர்ந்து முட்டையிடும் இந்தப் புழு, சிறு கடல் உயிரிகள் வழியாக மீனுக்கும் கணவாய்க்கும் வந்து சேர்கிறது. மீன் செத்த பிறகு குடற்பகுதியிலிருந்து சதைக்குள் நகரத் தொடங்குவதால், பிடித்த உடனே குடலை நீக்குவது ஓரளவு உதவும், ஆனால் முழுப் பாதுகாப்பு தராது. மனிதரின் இரைப்பைக்குள் போனால் அது அங்கே வளராது. ஆயினும் சுவரைத் துளைத்து உள்ளே நுழையப் பார்க்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் ஆளைச் சுருட்டிப் போடும் வலியும் குமட்டலும் வரும். எண்டோஸ்கோப்பித் திரையில் பார்த்தால், தலை இரைப்பைச் சுவரில் புதைந்திருக்க மீதி உடல் நெளிந்துகொண்டிருக்கும். சிறு இடுக்கியால் பிடித்து இழுத்து எடுத்ததும் வலி பெரும்பாலும் விரைவிலேயே அடங்கிவிடும். புழு குடலுக்கு இறங்கிவிட்டால் சில நாட்கள் கழித்துக் குடல்வால் அழற்சியைப் போல வலி வந்து மருத்துவரைக் குழப்பும். சிலருக்கு இந்தப் புழுவே ஒவ்வாமையாகி உடலெங்கும் தடிப்பும் மூச்சுத் திணறலும் வருவதுண்டு. ஜப்பானில் அண்மை ஆண்டுகளில் பதிவாகும் உணவு நச்சுச் சம்பவங்களில் எண்ணிக்கையில் முன்னிற்பது இதுதான்.

வசாபி, சோயா, வினிகர், உப்பு, இஞ்சி, மது ஆகிய எதுவும், உணவில் சேர்க்கும் அளவில், இந்தப் புழுவைக் கொல்வதில்லை. ஷிமே சபா என்று உப்பும் வினிகரும் இட்டு ஊறவைத்த சபா மீனைச் சாப்பிட்டு அனிசாக்கிஸ் வலியோடு வருகிறவர்கள் அங்கே வழக்கமான நோயாளிகள். அதைக் கொல்பவை இரண்டுதான்: சூடு, அல்லது கடுங்குளிர். மையம் வரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் உடனே சாகும், 60 டிகிரியில் ஒரு நிமிடம் போதும். உறைய வைப்பதானால், மையப்பகுதி மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்கிறது ஜப்பானிய சுகாதார அமைச்சகம். அமெரிக்க விதி அதே குளிரில் 7 நாட்கள் கேட்கிறது. நம் வீட்டு ஃப்ரீசர்கள் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரியைச் சுற்றியே இருக்கும், கதவைத் திறந்து மூடும்போது அதுவும் ஏறும். ஆகையால் ஊர் திரும்பிய பிறகு சந்தை மீனை வீட்டு ஃப்ரீசரில் வைத்து எடுத்துச் சமைக்காமல் பரிமாறும் எண்ணம் வந்தால், அதை விட்டுவிடுங்கள். சமைக்காமல் உண்பதற்கென்று கையாளப்பட்ட மீன் அல்ல அது.

உறைய வைத்த மீன் என்றால் மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூரக்கடலில் பிடிக்கப்படும் சூரை மீன், அதன் சிவப்பு நிறம் மாறாமல் இருப்பதற்காகக் கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரி அளவில் உறைய வைக்கப்பட்டு ஜப்பானுக்கு வருகிறது, அந்த மீனைத்தான், சோற்றோடு பச்சை மீனைத் தரும் நல்ல சூஷிக் கடைகளிலும் பெரும்பாலும் பரிமாறுகிறார்கள். சால்மனை ஜப்பானியர் முன்பெல்லாம் சமைக்காமல் உண்ணும் வழக்கமே இல்லை. தங்கள் கடலின் சால்மனில் புழு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வடக்கே ஹொக்கைடோவின் ஐனு மக்கள் மட்டும் அதைப் பனியில் உறைய வைத்து, பாதி உறைந்த நிலையிலேயே சீவிச் சாப்பிட்டார்கள். ருய்பே என்பது அதன் பெயர். இன்று சூஷித் தட்டில் காணும் சால்மன், 1980களில் நார்வே நாட்டவர் தங்கள் பண்ணை மீனை ஜப்பானில் அறிமுகப்படுத்திய பிறகு பரவியது. தீவனம் கொடுத்து வளர்க்கப்படும் அந்த மீனில் அனிசாக்கிஸ் மிக அரிது. ஆக, நீங்கள் எந்தத் தட்டைப் பார்த்தாலும் இது கடலில் திரிந்ததா, பண்ணையில் வளர்ந்ததா, உறைய வைக்கப்பட்டதா என்று கேட்டுப் பழகுங்கள். அங்கே அந்தக் கேள்வியை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வசந்த காலத்தில் தொயாமா விரிகுடாவிலிருந்து ஹொதாருயிக்கா என்ற, இருளில் ஒளிரும் விரல்நீளக் கணவாய் சந்தைக்கு வரும், நகோயாவிலும் கிடைக்கும். அதைக் குடலோடு முழுதாக உண்பதால், குடலில் இருக்கும் வேறொரு வகைப் புழு தோலுக்கடியில் ஊர்ந்து கோடுகோடாகத் தடிக்கச் செய்யும், சிலருக்குக் குடலையும் அடைக்கும். வேகவைத்ததை மட்டும் சாப்பிடுங்கள். சமைக்காமல் விற்பதாயின் மைனஸ் 30 டிகிரியில் 4 நாட்களாவது உறைய வைக்க வேண்டும் என்று அங்கே தனி வழிகாட்டுதலே உண்டு.

புழுவைக் கொல்லும் குளிர் பாக்டீரியாவையும் வைரஸையும் கொன்றுவிடாது. அவை உறைந்து கிடந்துவிட்டு மீண்டும் எழும். 1950இல் ஒசாகா வட்டாரத்தில் அரைகுறையாக உலர்த்திய சிறு மத்தி மீன் குஞ்சுகளைத் தின்ற 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்ததை ஆராய்ந்தபோதுதான் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கிருமி கண்டறியப்பட்டது. வெப்பமான நாளில் அது மிக வேகமாகப் பெருகும் என்பதால், கடையில் வாங்கிய சூஷிப் பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு இரவில் சாப்பிடுவது நல்ல உடல்நிலை உள்ளவருக்கும் நான் பரிந்துரைக்காத பழக்கம்.

சிப்பிக்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் ஜப்பானிலேயே மிக அதிகமாகச் சிப்பி வளர்க்கும் ஹிரோஷிமாவுக்கு நகோயாவிலிருந்து அதிவேக ரயிலில் எளிதாகப் போய்விடலாம், போனால் சிப்பி சாப்பிடாமல் திரும்பவும் விடமாட்டார்கள். அங்குள்ள கடைகளில் சிப்பிப் பொட்டலத்தின் மேல் இரண்டில் ஒரு முத்திரை இருக்கும்: சமைக்காமல் உண்ணத் தக்கது, அல்லது சூடாக்கி மட்டுமே உண்ணத் தக்கது. பலர் நினைப்பதுபோல முதலாவது புதியது, இரண்டாவது பழையது என்று அதற்குப் பொருள் இல்லை. எந்தக் கடற்பரப்பில் எடுத்தார்கள், எடுத்த பிறகு தூய நீரில் வைத்துச் சுத்திகரித்தார்களா, பாக்டீரியா அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்பதுதான் வேறுபாடு. முதல் வகையிலும் நோரோ வைரஸ் இல்லை என்று எந்த முத்திரையும் உறுதி தராது. குளிர்காலத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுக்க வைப்பது பெரும்பாலும் அந்த வைரஸ்தான். மையத்தில் 85 முதல் 90 டிகிரிச் சூடு 90 விநாடிக்குக் குறையாமல் இருந்தால் அதுவும் அடங்கும். நீங்கள் காக்கி ஃபுரை என்ற பொரித்த சிப்பியைச் சாப்பிடுங்கள், மிசோ என்ற சோயா விழுது சேர்த்துக் கொதிக்கும் சட்டியில் வேகும் சிப்பியையும் நன்றாக வெந்த பிறகு சாப்பிடுங்கள். பச்சைச் சிப்பியை எடுத்துச் சட்டியில் போட்ட அதே குச்சியால் வெந்ததை எடுத்து உண்ணாதீர்கள். வேறு குச்சி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிப்பி வகைகளை லேசாக வெந்நீர் காட்டினால் போதும் என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிய கேட்டைத் தரும் என்பதற்கு 1988இல் ஷாங்காயில் நடந்தது சாட்சி. அரைவேக்காட்டு மட்டியால் சுமார் 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை பரவியது. உங்களுக்கு ஏற்கெனவே கல்லீரல் பாதிப்பு இருப்பதால், புறப்படுவதற்கு முன் ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசிகள் பற்றி உங்கள் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

ஆற்று மீன், குளத்து மீன், ஏரி மீன் ஆகியவற்றைச் சமைக்காமல் உண்பதை எந்த நாட்டிலும் எவருக்கும் நான் ஒப்புவதில்லை. சிங்கப்பூரில் 2015இல் சமைக்காத நன்னீர் மீன் சீவல்களைக் கஞ்சியோடு உண்டவர்களுக்கு பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ரத்தத்திலும் மூளை உறையிலும் பரவியது. அவர்களில் பலர் அதற்கு முன் ஆரோக்கியமாக இருந்தவர்கள். அந்த ஆண்டு இறுதியில் நன்னீர் மீனைச் சமைக்காமல் விற்பதற்கு அங்கே தடை வந்தது. சீனப் புத்தாண்டில் அலுவலகங்களில் எல்லோரும் கூடி நின்று குச்சியால் உயரத் தூக்கிக் கலக்கும் யூஷெங் என்ற பச்சை மீன், காய்கறிக் கலவையில் நம் தமிழ் நண்பர்களும் ஆர்வமாகக் கலந்துகொள்வார்கள், நீங்களும் கலந்துகொள்ளுங்கள். இப்போது அதில் இருப்பது பொதுவாகச் சால்மன் என்றாலும் மீன் துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டுக் காய்கறியைச் சாப்பிடலாம். வடகிழக்குத் தாய்லாந்தில் கொய் பிளா என்ற பச்சை மீன் உணவின் வழியே ஈரல் தட்டைப்புழு பித்தக்குழாயில் குடியேறி, ஆண்டுக்கணக்கில் அரித்து, பித்தக்குழாய்ப் புற்றுநோய்வரை கொண்டுபோகிறது. கோன் கேன் மாநிலம் அந்தப் புற்றுநோய்க்கு உலகிலேயே மிக மோசமாக ஆட்பட்ட இடங்களில் ஒன்று. கல்லீரல் நோயாளிகளைப் பார்க்கும் எனக்கு அந்த நோயைப் போல மனம் கலங்கச் செய்வது வேறில்லை, ஏனென்றால் அந்தக் கெண்டை வகை மீனை வேகவைத்திருந்தால் அத்தனையும் தவிர்க்கப்பட்டிருக்கும். ஆற்று நண்டை மதுவிலோ சோயாவிலோ ஊறவைத்துச் சமைக்காமல் உண்பவர்களுக்கு நுரையீரல் தட்டைப்புழு வந்து இருமலில் ரத்தம் காண்பதும், அது காசநோய் என்று தவறாக எண்ணப்படுவதும் நம் மணிப்பூரிலும் நாகாலாந்திலும்கூட நடந்திருக்கிறது.

ஃபுகுவை, அதாவது நம் மீனவர்கள் வலையில் விழுந்தால் தூக்கி எறியும் பேத்தை மீனின் உறவை, எண்ணித்தான் உங்கள் நண்பர்கள் மிக அதிகமாகப் பயமுறுத்தியிருப்பார்கள். உரிமம் பெற்ற சமையற்காரர் அறுத்த ஃபுகு, நான் மேலே சொன்ன சிப்பியைவிட உங்களுக்குக் குறைந்த ஆபத்துடையது. அதன் ஈரலிலும் சினைப்பையிலும் உள்ள டெட்ரோடோடாக்சின் நரம்புகளின் சோடிய வாயில்களை அடைத்துவிடும். சமைத்தாலும் அழியாது, மாற்று மருந்தும் கிடையாது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு கைகால், கடைசியில் மூச்சுத் தசைகள். நினைவு மட்டும் நெடுநேரம் தெளிவாக இருக்கும். மூச்சுக் கருவியில் வைத்து நஞ்சு வெளியேறும்வரை காப்பதே சிகிச்சை. கபுகி நாடக மேதை எட்டாம் பந்தோ மிட்சுகோரோ 1975இல் கியோத்தோவில் ஃபுகு ஈரலைப் பல தட்டு வாங்கி உண்டு இறந்தார். ஈரல் பரிமாறுவது அங்கே இப்போது முழுத் தடை. இன்று பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் தாங்களே பிடித்து வீட்டில் அறுத்தவர்கள். ஆகவே உரிமம் உள்ள கடையில், சட்டியில் வெந்த ஃபுகுவை நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.

சியோலில் கிடைக்கும் சன்னாக்ஜியில், அதாவது நீங்கள் சொன்ன நெளியும் பேய்க்கணவாயில், நஞ்சு இல்லை. வெட்டிய பிறகும் அந்தச் சிறு பேய்க்கணவாயின் கைகளில் நரம்புகள் தாமாகவே இயங்குவதால், நல்லெண்ணெய் தடவிய துண்டுகள் தட்டில் நெளியும். உறிஞ்சுகள் தொண்டையில் ஒட்டி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. சரியாக மெல்லாமல் மது அருந்திய நிலையில் விழுங்குவதுதான் ஆபத்து. அதோடு கோடையில் அதன் தோலில் விப்ரியோவும் இருக்கக்கூடும் என்பதால் உங்களுக்கு அது வேண்டாம்.

அப்படியானால் சூஷியே கூடாதா என்று கேட்பீர்கள். தழும்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. புறப்படுவதற்கு முன், கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் முழுவதும் தழும்பேறிய சிரோசிஸ் நிலையை எட்டியிருந்தால் சமைக்காத கடலுணவு எதுவுமே வேண்டாம். ஆரம்பக் கட்டம்தான், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது என்று உங்கள் மருத்துவர் உறுதிசெய்தால், உறைய வைத்த சூரையோ பண்ணைச் சால்மனோ எப்போதாவது ஓரிரு துண்டு சாப்பிடுவதை நான் தடுக்க மாட்டேன். சூஷிக் கடையிலேயே சமைத்தவை நிறைய உண்டு: வேகவைத்த இறால், வேகவைத்த பேய்க்கணவாய், சுட்ட கடல் விலாங்கு, முட்டை. விலாங்கின் ரத்தத்தில் சூட்டில் அழியும் நஞ்சு இருப்பதால் அதை அங்கே பொதுவாகச் சமைத்தே தருகிறார்கள். நகோயாவின் பெருமையான ஹிட்சுமாபுஷி, சுட்ட விலாங்கைச் சோற்றின் மேல் பரப்பித் தருவது. அந்த ஊரில் இருந்துகொண்டு அதைத் தவறவிடாதீர்கள், அதன் இனிப்புச் சாறும் சோற்றின் அளவும் உங்கள் சர்க்கரையை ஏற்றும் என்பதை மட்டும் நினைவில் வைத்து அளவோடு சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி குழந்தை பிறக்கும்வரை சமைக்காத கடலுணவையும், சூடாக்காமல் உண்ணும் புகையூட்டிய சால்மனையும் தவிர்க்க வேண்டும். லிஸ்டீரியா என்ற கிருமி தாய்க்கு லேசான காய்ச்சலாகத் தெரிந்து கருவைக் கலைத்துவிடக்கூடியது, குளிர்பெட்டியிலும் பெருகக்கூடியது. சமைத்த மீன் அவருக்கும் குழந்தைக்கும் மிக நல்லது. பயந்து மீனையே நிறுத்திவிட வேண்டாம். பாதரசத்தை எண்ணி, நீலத்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் ஏதாவது ஒன்றை வாரத்துக்கு ஒரு முறை 80 கிராம் அளவோடு நிறுத்திக்கொள்ளுமாறு ஜப்பானிய அரசே கர்ப்பிணிகளுக்கு அறிவுறுத்துகிறது. மத்தி, சபா, சால்மன் போன்றவற்றைச் சுட்டோ வேகவைத்தோ தாராளமாகச் சாப்பிடலாம்.

மறுத்தால் தவறாக நினைப்பார்களோ என்ற கவலை வேண்டாம். தட்டு வந்த பிறகு ஒதுக்கி வைப்பதுதான் விருந்தளிப்பவரைச் சங்கடப்படுத்தும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் உங்களுக்கென்று வேறு உணவு ஏற்பாடு செய்வதை அவர்கள் தங்கள் கடமையாகவே கருதுவார்கள். 'நமமோனோ வா தபெராரெமசேன்', சமைக்காதவற்றை என்னால் சாப்பிட முடியாது. 'இஷா நி தோமெராரெதே இமாஸ்', மருத்துவர் தடுத்திருக்கிறார். இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு மேல் அங்கே யாரும் வற்புறுத்துவதில்லை. மதுவையும் இதே வாக்கியத்தால் மறுத்துவிடுங்கள், உங்கள் கல்லீரலுக்கு மதுவை விலக்குவது மீனை விலக்குவதைவிட முக்கியம்.

கடலுணவு சாப்பிட்ட பிறகு உதடு மரத்துப்போனாலோ, மூச்சு வாங்கினாலோ, கடும் வயிற்றுவலி வந்தாலோ, குளிர்காய்ச்சலோடு காலில் வலியும் நிறமாற்றமும் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல், ஜப்பானில் 119 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, எந்தக் கடையில் என்பதையும் கல்லீரல் பாதிப்பு இருப்பதையும் மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இந்தியா திரும்பிய பிறகு மாதங்கள் கழித்துக் காரணம் தெரியாத வயிற்றுவலியோ மஞ்சள்காமாலையோ நீடித்த இருமலோ வந்தாலும் இந்த ஓராண்டில் அங்கே என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். இங்குள்ள மருத்துவருக்கு அது தானாகத் தோன்றாது.